பாஸானவளுக்கு எதுக்கு மறுபடியும் படிப்பு

எங்கள் ஊரில் ஒருவர் பரீட்சையில் தேறினாரா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலேஜ் திறக்கிற ஆனி மாதத்தில் பண்ணை வீட்டு வாசலைப் பார்த்தால் போதும். அங்கே வில்வண்டி பூட்டி நிற்கும். வண்டிக்குள் தகரப் பெட்டி, சுருட்டிய ஜமுக்காளம், முறுக்கு அடைத்த டின். பண்ணையாரின் ஒரே மகன், சின்னப் பண்ணை என்று எல்லாரும் சொல்லும் அண்ணாச்சி, யாரையும் பார்க்காமல் ஏறி உட்காருவார். பாளையங்கோட்டையில் அவர் இண்டர்மீடியட் படித்தார். படித்தார் என்றால், படித்துக்கொண்டே இருந்தார். "சின்னப் பண்ணை மறுபடியும் படிக்கப் போறாரு" என்று களத்தில் ஒருவர் சொன்னால், இந்த வருஷமும் போச்சு என்று மற்றவர்கள் புரிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஊரில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர் ஒருவர்தான். படிப்பைப் பற்றி எங்கள் ஊர் அறிந்ததெல்லாம் அவரை வைத்து அறிந்ததுதான். பாஸானவர் பெட்டியோடு வீட்டுக்கு வருவார். பெயிலானவர் பெட்டியோடு திரும்பவும் போவார்.

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே, சுந்தரபாண்டியபுரத்தைத் தாண்டி இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இல்லை. அண்ணன்மார் இருவரும் பட்டாளத்துக்குப் போனவர்கள். அங்கே போய்த்தான் பேர் எழுதப் பழகினார்கள். நான் ஸ்கூல் பைனல் பாஸ் செய்தேன். அதன்பிறகு பாளையங்கோட்டையில் நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். பெண்ணை ஆஸ்பத்திரி வேலைக்கு விடுவதா என்று தெருவே பேசியது. அப்பா அசையவில்லை. என் தம்பி பிறக்கும்போது அம்மா பிழைக்க மாட்டாள் என்று வீட்டில் எல்லாரும் கைவிட்ட பிறகு, வண்டியில் போட்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் இரவு முழுக்க அம்மாவின் பக்கத்தைவிட்டு நகராமல் நின்றாளாம். அதை அப்பா மறக்கவில்லை. "அப்பிடி ஒருத்தி நம்ம வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

பரீட்சை தேறி, சென்னையில் நர்ஸுகளின் பதிவேட்டில் என் பெயரும் ஏறிய பிறகு நான் ஊருக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. தென்காசி ஸ்டேஷனிலிருந்து நேர்வழியாக வந்தால் பொழுதோடு வீடு சேர்ந்திருக்கலாம். அப்பா பக்கத்து ஊர்த் தெருக்கள் வழியாகவெல்லாம் வண்டியை ஓட்டினார். எதிரே வந்தவர்களிடம், அவர்கள் கேட்காமலே, "எம்மவ. படிச்சு முடிச்சுட்டா" என்றார். வீட்டில் பெண்கள் கூடி, நான் தலையில் வைக்கும் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். கஞ்சி போட்டு விறைத்திருந்த அதைத் தொட்டுப் பார்த்து, "என்னட்டி இது, பொரிக்காத அப்பளம் மாதிரி இருக்கு" என்று எதிர்வீட்டு ஆச்சி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தொப்பிக்காக நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது போதும் என்றிருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பெரிய கோயிலின், எந்தக் காலத்திலோ நடுவில் பிளந்துபோன கோபுரம் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வார்டுக்குள் புகுந்து போர்வைகளைத் தூக்கும். சாரல் காலம் தொடங்கியதும் எங்களில் சிலரைக் குற்றாலத்துக்கு அனுப்புவார்கள். பேரருவிக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, அந்த இரண்டு மாதமும் மருந்து கொடுப்பார்கள்.

அந்தக் கொட்டகையைப் போல எனக்குப் பிடித்த இடம் வேறில்லை. அருவிச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டும். கூரை ஒழுகும். பஞ்சையும் கட்டுத்துணியையும் பிஸ்கட் டின்களில் அடைத்து, டின்னின் வாயில் மெழுகுத்துணி கட்டிவைப்போம். ஊசியும் கத்தரியும் வேகவைக்க அடுப்பு மூட்டினால் ஈர விறகு புகைந்து, நோயாளியைவிட எங்கள் கண்களிலிருந்துதான் நீர் அதிகம் வழியும். குரங்குகள் எங்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். யாராவது ஒரு நோயாளி மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவார். பாசியில் வழுக்கியவர்கள், மேலிருந்து உருண்ட கல் பட்டவர்கள், தண்ணீர் விழுகிற வேகத்தில் மூச்சடைத்தவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். எல்லாரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்தவர்கள். அந்தத் தோலில் பிளாஸ்திரி ஒட்டவே ஒட்டாது. முதலில் சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் காயத்தைத் தொட முடியும். பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. மருந்துப் பெட்டியோடு சீயக்காய்ப் பையும் கொண்டுபோக வேண்டும் என்று நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

இப்போது நான் இருக்கும் ஊரில் தூறல் விழுந்தால் குடை விரிக்கிறார்கள். அங்கே வெயிலும் சாரலும் ஒன்றாக விழும். யாரும் நடையைக்கூட மாற்ற மாட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. அந்த ஆண்டு ஆடிப் பிறப்பன்று எங்கள் தலைமைச் சிஸ்டர் கொட்டகைக்கு வந்தார். திருவிதாங்கூர்ப் பக்கத்துக்காரர். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். பதிவு பெற்ற நர்ஸுகளுக்கு இப்போது என்னென்ன மேற்படிப்பு இருக்கிறது என்று எங்களை உட்காரவைத்துச் சொன்னார். சென்னையில் பிரசவம் பார்க்கப் படிக்கலாம். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளையும் தாய்மாரையும் கவனிக்கும் ஹெல்த் விசிட்டர் வேலைக்குப் படிக்கலாம். வார்டை நிர்வகிக்கப் படிக்கலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் புதிதாக இருந்தது டெல்லி. அங்கே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு கல்லூரியில் நர்ஸுகளுக்கு பி.எஸ்ஸி. பட்டமே கொடுக்கப் போகிறார்களாம். நர்ஸுக்குப் பட்டம்! ஆனால் அதற்கு இண்டர்மீடியட் தேறியிருக்க வேண்டும். நான் ஸ்கூல் பைனலோடு நின்றவள். அதே கல்லூரியில், என்னைப் போலப் பதிவு பெற்று வேலை பார்ப்பவர்களுக்கு ஓராண்டுப் படிப்பு ஒன்று இருந்தது. அதை முடித்தால் நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் நடத்தலாம்.

"எங்க ஆஸ்பத்திரியில இருந்து ஒரு ஆளைத்தான் நான் சிபாரிசு செய்யும்" என்றார் சிஸ்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நீ போகுமோ?"

போவேன் என்று சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"அப்போ ஆடி தீரும் முன்னே அச்சன் என் முன்னால வந்து, சம்மதம்னு வாயால சொல்லணும்" என்றார். முன்பு ஒரு பெண்ணைச் சென்னைக்கு அனுப்பி, பாதிப் படிப்பில் அவளுடைய வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் வைத்த விதி இது. அப்பா வரவில்லையென்றால் இடம் வேறொருத்திக்குப் போகும்.

அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்த கையோடு சொன்னேன். "யப்பா, நான் மறுபடியும் படிக்கப் போறேன். டெல்லிக்கு."

அப்பா கையில் வைத்திருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து என் தலையைத் தடவினாள். "போகட்டும் விடுட்டி. எல்லாருக்குமா வாய்க்குது?" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

மறுநாள் காலையில் விளங்கிற்று. பண்பொழியில் கட்டிக்கொடுத்து, ஆடிக்கு ஊருக்கு வந்திருந்த அத்தை முதல் ஆளாக வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, துட்டி கேட்க வந்து துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி அம்மாவைச் சுற்றிச் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, ராத்திரி அழுதியா?" என்றாள் அத்தை.

"நான் எதுக்கு அத்த அழணும்?"

"பாரு, தைரியமா இருக்கா. உள்ளுக்குள்ள என்ன பாடோ."

"அத்த, நான் பாஸாயி வருசம் ஒண்ணாச்சு. வேல பாக்கேன்."

"வேல பாத்துக்கிட்டு இருக்கும்போதே பெயிலாயிட்டியே, அதாம்ட்டி பாவமா இருக்கு."

"எந்தப் பாடத்துல போச்சு? கணக்கா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு ஆச்சி.

"கணக்குதான் எல்லாரையும் கவுக்குது" என்று, ஒருநாளும் கணக்குப் படிக்காத என் அம்மா பதில் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் பாஸ்தான், பெயிலில்லை என்று ஒருமுறை சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு நான் சொல்லவில்லை. தெரு முழுவதும் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, தேறிய பரீட்சையை மறுபடியும் தேறியதாக நிரூபிக்க என்னால் முடியாது. அப்படி ஒரு பிறவி நான்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, பேச்சில் முள் இல்லாமல் அவருக்குப் பேச வராது. "சின்னப் பண்ணைக்கு வண்டியில தொணைக்கு ஆளு கெடச்சாச்சு. இனிமே மாடுதான் பாவம், ரெண்டு பெட்டி இழுக்கணும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பா தினமும் பொழுது சாய்ந்ததும் சாவடிக்குப் போய் உட்காருகிறவர். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

நான் தென்காசிக்குக் கிளம்புகிறபோது அப்பா என்னை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"எங்கிட்ட உண்மையச் சொல்லு. பெயிலானா ஆனேன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் வைய மாட்டேன்."

சித்தப்பாவின் பேச்சு தைக்காத இடத்தில் இது தைத்தது. "நான் பாஸ்தாம்ப்பா" என்றேன்.

"அப்போ போவாத."

"யப்பா..."

"பாஸ்னா இங்கனயே இரி. போனா பெயிலு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாலு ஊர்ல சொல்லிட்டேன், எம்மவ படிச்சு முடிச்சுட்டான்னு. இன்னைக்கு நீ பெட்டியத் தூக்குனா, நான் பொய் சொன்னவன் ஆயிருவேன்."

அவருடைய கணக்கில் தப்பே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே உதாரணத்தை வைத்து அவர் கணக்குப் போட்டிருந்தார். நான் வண்டி ஏறினேன். கொட்டகைக்குத் திரும்பி, வருகிற தலைகளுக்கெல்லாம் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆடி கரைந்துகொண்டிருந்தது. சிஸ்டர் எதுவும் கேட்கவில்லை. என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸிடம் அவளுடைய அப்பா எந்த ஊர் என்று ஒருநாள் விசாரித்தார். அது என் காதில் விழுந்தது.

ஆடி அமாவாசை வந்தது. எங்கள் ஊர் ஆட்கள் அன்று வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்க வருவது வழக்கம். அப்பாவும் வந்திருப்பார் என்று தெரியும். கொட்டகைப் பக்கம் வர மாட்டார் என்பதும் தெரியும். கூட்டத்தில் அவர் தலை தெரிகிறதா என்று நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் அருவிக்கரையில் கூச்சல் எழுந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளைப் பிடித்திருந்தவர் அப்பா. காலைப் பிடித்திருந்தவர் சித்தப்பா. நடுவில் தொங்கியவர் சின்னப் பண்ணை. அமாவாசைக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாராம். பாசியில் கால் வைத்துவிட்டார்.

பெஞ்சில் படுக்கவைத்து, எண்ணெயைக் கழுவி, முடியைக் கத்தரித்தேன். டாக்டர் தையல் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். நான் கட்டுப் போடத் தொடங்கினேன். அப்பா கொட்டகையின் ஓரத்தில், ஒழுகுகிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பொருத்தமான எடந்தான். ரெண்டு பெயிலும் ஒண்ணா இருக்கு" என்றார்.

சின்னப் பண்ணை கண்ணைத் திறந்தார். "ரெண்டாவது ஆரு?"

"இந்தா, ஒங்களுக்குக் கட்டுப் போடுதால்லா, இவதான். திரும்பப் படிக்க டெல்லிக்குப் போறாளாம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தையல் பிரிந்துவிடும், அசையாதீர்கள் என்று நான் அதட்டும்படி ஆயிற்று. சிரிப்பு அடங்கியதும் என்னைக் கேட்டார். "ஏட்டி தங்கச்சி, அங்கன போய் என்ன படிப்ப?"

"நர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு எப்பிடிப் பாடம் நடத்தணும்னு படிப்பேன். ஒடம்புக் கூறு, மனசுக் கூறு, ஆஸ்பத்திரி நடத்துத மொற, எல்லாம் இருக்கு."

"நீ பாளையங்கோட்டையில படிச்ச புஸ்தகம் ஏதாவது அதுல உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. எல்லாம் புதுசு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. பாதிக் கட்டு காதருகே தொங்க, ஓரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்து அருவிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. பெயிலப் பத்தி இந்த ஜில்லாவுல என்னயவிடத் தெரிஞ்சவன் கெடையாது. எங்கிட்டக் கேளுங்க. பெயிலானவனுக்கு அதே புஸ்தகத்ததான் திரும்பக் குடுப்பான். அதே பெஞ்சு, நான் போன வருசம் பேனாக்கத்தியால கீறுன கீறலோட இருக்கும். வாத்தியார் அதே எடத்துல அதே சிரிப்பாணி சொல்லுவாரு, நான் முன்கூட்டியே சிரிச்சுட்டு அதுக்கும் அடி வாங்குவேன். இவளுக்குப் புதுப் புஸ்தகம் குடுக்கான் அண்ணாச்சி. பாஸாவாம எவனுக்கும் புதுப் புஸ்தகம் கெடையாது. கெடைக்கும்னா எனக்குக் குடுத்திருக்க மாட்டானா?"

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கடைசியில் சொன்னதை அவர் சிரித்துச் சொல்லவில்லை என்பது, தலையைப் பிடித்திருந்த என் கைக்குத் தெரிந்தது.

அப்பா சிரிக்கவில்லை. துண்டை எடுத்துப் பிழிந்தார். உதறினார். மறுபடியும் பிழிந்தார். அப்புறம் என்னிடம், "அந்தப் பெரிய சிஸ்டரம்மா எங்க?" என்று கேட்டார்.

அன்று கூட்டம் அதிகம் என்பதால் சிஸ்டரும் அங்கேதான் இருந்தார். ஈர வேட்டியோடு அப்பா அவர் முன்னால் போய் நின்றார். சம்மதம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிஸ்டர் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை.

"தாயி, நீங்க எத்தன தடவ பெட்டி கட்டுனிய?"

"படிக்கவோ?" சிஸ்டர் யோசித்தார். "நர்ஸ் படிக்க ஒரு தடவ. பிரசவம் படிக்க மெட்ராஸ். பின்னே வார்டு நடத்தப் படிக்க பம்பாய். ஒவ்வொரு தடவையும் எங்க அம்மை அழுதது."

"எதுலயும் பெயிலா?"

"ஒன்னிலும் இல்ல" என்றார் சிஸ்டர். கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"அம்புட்டும் பாஸாயிட்டுமா இந்த ஒழுக்குக் கொட்டகையில வந்து நிக்கிய?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிஸ்டர் ஒரு விநாடி அப்பாவையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார். "மோள் டெல்லி போனா, நடுவில வந்து கூட்டிக்கொண்டு போகக் கூடாது. சம்மதமா?"

"நடுவுல கூட்டிட்டு வந்தா அதுதான் தாயி பெயிலு" என்றார் அப்பா. "சம்மதம்."

அன்று பொழுது சாய்கிறபோது வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. சித்தப்பா ஏதோ சொல்வதும் அப்பா பதில் சொல்வதும் தெரிந்தது. அருவிச் சத்தத்தில் சொற்கள் கேட்கவில்லை. அப்பா தலையை நிமிர்த்தி, கையை நீட்டி நீட்டிப் பேசினார். போன வருஷம் பக்கத்து ஊர்த் தெருக்களில் வண்டியை நிறுத்திப் பேசிய அதே பேச்சாகத்தான் இருக்க வேண்டும்.

ஆவணியில் நான் ரயிலேறினேன். தென்காசியிலிருந்து விருதுநகர், அங்கிருந்து சென்னை, பிறகு டெல்லி. அத்தை ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். இந்தத் தடவையாவது கணக்கைக் கவனமாகப் போடச் சொன்னாள். அம்மா கட்டுச்சோற்றைக் கொடுத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அப்பா என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் பாஸாயிட்டேன்னு வையி" என்று மெல்லக் கேட்டார். "அதோட முடிஞ்சுதா? இல்ல, இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கா?"

முடிந்தது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். "இருக்குப்பா" என்றேன். "இண்டர்மீடியட்டுக்குத் தனியாப் படிச்சுப் பரீட்ச எழுதலாம். அது தேறிட்டா பட்டத்துக்குப் போலாம். பி.எஸ்ஸி. நர்ஸிங்னு பேரு."

"அதுவும் புதுப் புஸ்தகந்தான?"

"புதுசுதான்."

அப்பா தலையை ஆட்டினார். "சரி. அதையும் இப்பவே சொல்லிட்டுப் போ. ஊர்க்காரிய துட்டி கேக்க வாரதுக்கு முந்தி, நானே எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருதேன்" என்றார்.

நான் மறுபடியும் சொன்னேன். கார்டு கொடி காட்டிவிட்டார். வண்டி நகர்ந்தது. அப்பா கம்பியை விடாமல் பிளாட்பாரம் முடிகிற வரை கூடவே நடந்து வந்தார். பள்ளிக்கூடத்துக்கே போகாத அந்த மனிதர், மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு அந்தப் பட்டத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.